உறைபனிக்குக் கொண்டுபோன கரும்பு

முதல் நாள்: கோபி – கோவை

காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். பிக்கப் வண்டியின் பின்னால் 9 சணல் சாக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு தூர் கரும்பு. மூன்றில் எங்கள் தோட்டத்து கோ 86032 ரகம். மூன்றில் பொங்கலுக்கு வெட்டும் செங்கரும்பு. மூன்றில் பவானிக் கரையில் கடப்பாரை போட்டுத் தோண்டிய பேய்க்கரும்பு, தானாக முளைக்கும் காட்டுக் கரும்பு. ஆகஸ்டு கடைசியில் சாக்கில் நட்டது, இப்போது இடுப்பு உயரம் வந்துவிட்டது. கூடவே முழுக் கரும்பு ஒரு கட்டு, சாற்றின் இனிப்பு பார்க்கிற பிரிக்ஸ் மீட்டர், கிணற்றுத் தண்ணீரில் உப்பு பார்க்கிற இ.சி. பேனா, இரண்டு தெர்மாமீட்டர்.

அவிநாசியில் டீ குடிக்க நிறுத்தியபோது ஒருவர், "கரும்பு எங்கே போகுதுங்க?" என்று கேட்டார். ஊட்டிக்கு என்றேன். "அங்கே கரும்பு வராதுங்களே" என்றார். அவர் சொன்னது சரி. வராது என்பதற்காகத்தான் கொண்டுபோகிறேன். அங்கே விழுகிற உறைபனியில் இந்தச் சாக்குகளை வைத்து, எது எப்படிச் சாகிறது, எது பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த எண்ணம் வந்த இடம் ஹரியானா. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு விவசாயிகள் குழுவோடு ஜனவரியில் போயிருந்தேன். கர்னால் பக்கம் ஒரு தோட்டத்தில் தோகையெல்லாம் வெளுத்துக் காகிதம் மாதிரி நின்றது. பக்கத்தில் வெட்டி முடித்த வயலில் கட்டை துளிர்க்காமல் அப்படியே கிடந்தது. எங்கள் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் வெட்டிய பத்து நாளில் கட்டையிலிருந்து மறுதாம்பு பச்சை காட்டிவிடும். அந்த விவசாயிக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. நான் எந்த ஊர் என்று கூட வந்தவர் சொன்னதும், அவர் நின்ற கரும்பைத் தட்டிக்கொடுத்து "கோயம்புத்தூர்" என்றார். ரகத்தின் பெயருக்கு முன்னால் நிற்கும் 'கோ' எங்கள் பக்கத்து ஊரின் பெயர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கட்டை ஏன் துளிர்க்கவில்லை என்பது அன்றிலிருந்து என் மனதில் கிடக்கிறது.

அண்ணன் மகள் கோவையில் பயிர்ப் பெருக்கம் முதுகலை படிக்கிறாள். இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டவள் அவள்தான். மதியம் அவளை ஏற்றிக்கொண்டு வீரகேரளம் வழியாக, கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் பக்கம் வண்டியை விட்டேன். போன நவம்பரில் அவளோடு இங்கே வந்து கலப்பு செய்யும் வேலையைப் பார்த்தேன். தாயாக வைக்கும் பூக்கதிரைச் சுற்றி லாந்தர் விளக்கு மாதிரி துணிக்கூண்டு கட்டியிருந்தார்கள். தகப்பன் கதிரை வெட்டி வந்து அதற்குள் தாய்க்கு மேலாக நிறுத்துகிறார்கள். மகரந்தம் கொட்டுவது விடிகாலையில். கொட்டிய கொஞ்ச நேரத்திலேயே அதன் உயிர் போய்விடும் என்பதால் எல்லாம் அந்த வேளைக்குள் நடந்தாக வேண்டும். விதை வெறும் பஞ்சு, ஊதினால் பறந்துவிடும். ஒரே தாய், ஒரே தகப்பன், ஆனாலும் ஒரு நாற்றைப்போல் இன்னொரு நாற்று இருக்காது. பிடித்த ஒன்றைக் கரணையாக வெட்டி நட்டால் அது மட்டும் அச்சு மாறாமல் வரும். அந்த ஒன்றைத் தேடிச் சலித்து எடுக்கத்தான் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

1912-இல் இந்த நிலையம் தொடங்கியதே வடக்கத்திக் கரும்புக்காகத்தான் என்று அவள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வடக்கே கரும்பு அரிதாகத்தான் பூக்கும். பூத்தாலும் குளிர்காலத்து இரவில் மகரந்தம் பொய்த்துப்போகும். கோவையிலோ கரும்பு தானாகப் பூத்துத் தள்ளுகிறது. அதனால் வடக்குக்கு வேண்டிய பிள்ளையை இங்கே பெற்றெடுத்து அங்கே அனுப்பினார்கள். அங்கே இருந்த தாவரவியலாளர் பார்பரும் அவரோடு இருந்த வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பைத் தாயாக வைத்து, கோவை வட்டாரத்துப் பேய்க்கரும்பைத் தகப்பனாகச் சேர்த்தார்கள். அதில் வந்த கோ 205 பஞ்சாபுக்கு 1918-இல் போனது. வயல் வரப்பில் வெட்டி எறிகிற பேய்க்கரும்பு அதற்குத் தகப்பன்! கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த இனிப்புக்கு முரட்டு ரத்தம் ஏற்றியது கோவையில் நடந்தது. 1930-களில் இதே இடத்தில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பேய்க்கரும்பின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார், கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடச் சேர்த்துப் பார்த்தார். அந்தக் கட்டிடங்களைத் தாண்டிப் போகும்போது வண்டியின் வேகத்தை என்னை அறியாமல் குறைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள்: மேட்டுப்பாளையம் – வெலிங்டன் – தலைக்குந்தா

கரும்பு ஏற்றிய வண்டியைக் காட்டு வழியில் ஓட்டுவது எப்படி என்று சத்தியமங்கலம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆசனூர் சாலையில் காராப்பள்ளம் பக்கம் யானைகள் லாரியை மறித்துக் கரும்பை உருவித் தின்பது எங்களுக்குப் பழகிய காட்சி. எனவே தார்ப்பாய் போட்டு, தோகை நுனிகூட வெளியே தெரியாமல் கட்டினேன். பர்லியாறு தாண்டும்வரை இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. சோதனைச் சாவடியில் இ-பாஸ் காட்டினோம், பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சணல் சாக்கு என்று முதலிலேயே முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று.

வெலிங்டனில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இங்கே இருக்கிறது. முக்கியமாகக் கோதுமை வேலை. வடக்கே கோதுமை போட முடியாத கோடையில் இங்கே ஒரு போகம் எடுத்து, ஒரு வருடத்தில் இரண்டு தலைமுறை நகர்த்துவார்கள். துருநோயைத் தாங்குகிறதா என்றும் பார்ப்பார்கள். நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் அந்தப் பூஞ்சை கோடையிலும் சாகாமல் இருந்து, காற்றில் கீழே இறங்கும்.

அவள் நிறுத்தச் சொன்ன காரணம் வேறு. வடகிழக்கு மலைகளின் உயரமான இடங்களில் சேகரித்த கரும்பின் காட்டு உறவுகள் சில இந்த நிலையத்தில்தான் வளர்க்கப்படுகின்றன. கோவை வெயில் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. எரியாந்தஸ் ஃபுல்வஸ், மிஸ்காந்தஸ் நேபாலென்சிஸ் என்று பெயர் சொன்னாள். பார்த்தால் மலையோரத்துப் புல், அவ்வளவுதான். சர்க்கரையும் கிடையாது, தடிமனும் கிடையாது. ஆனால் வருடா வருடம் குளிரில் நின்று பழகியவை. நாங்கள் முன்கூட்டி அனுமதி வாங்கவில்லை என்பதால் சாலையோடு நின்றுவிட்டோம்.

"நம்ம பவானிக்கரைப் பேய்க்கரும்பு குளிரே பார்க்காதது சித்தப்பா. இமயமலை அடிவாரத்துல, ஆப்கானிஸ்தான் பக்கம் எல்லாம் இதே பேய்க்கரும்பு இருக்கு. அது வேற, இது வேற. பேரு ஒண்ணுங்கிறதுக்காகக் குணமும் ஒண்ணா இருக்காது" என்றாள்.

நான் பேய்க்கரும்புதான் ஜெயிக்கும் என்று மனதில் பந்தயம் கட்டியிருந்தேன். சரி, பார்ப்போம்.

சாயங்காலம் தலைக்குந்தா வந்து சேர்ந்தோம். நண்பர் படுகர், கேரட்டும் பூண்டும் போடுகிறார். மேட்டுப்பாளையம் மண்டியில் பத்து வருடப் பழக்கம். அவர் வீட்டில் ராகிக் களியும் அவரைக் குழம்பும். விரல் மடங்க மறுக்கிற குளிர்.

மூன்றாம் நாள்: இடம் பார்த்தல்

உறைபனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் மண் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அப்போது தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து ஓடும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டு வந்தோம். நண்பர் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தார். "அண்ணா, எந்தப் பாத்தி முதல்ல கருகும்னு எனக்குத் தெரியும், வாங்க" என்று ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளமான பாத்திக்குக் கூட்டிப்போனார். மேட்டில் இருக்கும் கேரட் பச்சையாக இருக்கும்போதே இங்கே தழை கருகிவிடுமாம்.

வகைக்கு இரண்டு சாக்கு வீதம் ஆறு சாக்குகளை அங்கே வைத்தோம். மீதி மூன்றையும் வைக்கலாம் என்றேன். அண்ணன் மகள் விடவில்லை. வகைக்கு ஒன்று கூரைக்கு அடியில் இருக்க வேண்டும் என்றாள். இல்லாவிட்டால் கருகினது பனியாலா, தண்ணீர் போதாமலா, வண்டியில் குலுங்கி வேர் அறுந்ததாலா என்று எப்படிப் பிரிப்பது? அது நியாயமான பேச்சு. தோட்டத்தில் நான் புது உரம் போட்டுப் பார்க்கும்போது ஒரு பாத்தியைக்கூட அப்படி விட்டுவைத்ததில்லை. இனிமேல் விடுவேன்.

ஒரு தெர்மாமீட்டர் புல்லோடு புல்லாக, இன்னொன்று ஆள் உயரத்தில்.

பிறகு இ.சி. பேனா வேலை. இதை அவள் செய்து காட்டியபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். காகிதத்தில் ஓட்டை போடும் கருவியால் இலையில் பத்து வட்டம் எடுத்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் போட்டு மூடிவைக்க வேண்டும். உயிருள்ள செல்லின் தோல் உப்புகளை உள்ளே பிடித்துவைத்திருக்கும். குளிரில் அந்தத் தோல் கிழிந்தால் உப்பு தண்ணீருக்கு ஒழுகும், பேனாவில் எண் ஏறும். கடைசியில் அதே தண்ணீரை இலையோடு கொதிக்கவைத்து, எல்லாச் செல்லையும் உடைத்து, மறுபடி ஓர் எண் எடுக்க வேண்டும். முதல் எண் இரண்டாவது எண்ணில் நூற்றுக்கு எவ்வளவு என்பதுதான் சேதம். ஆராய்ச்சி நிலையங்களில் இதையே குளிர்ப்பெட்டிக்குள் மணிக்கு ஒன்றிரண்டு டிகிரியாக இறக்கிக்கொண்டே போய்ச் செய்கிறார்கள். எந்த டிகிரியில் பாதி ஒழுகுகிறதோ அதை அந்த ரகத்தின் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். இன்று எங்கள் மூன்று வகையிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதிமூன்றுதான் ஒழுகியது. நல்ல ஆரோக்கியம்.

இரவு பத்து மணிக்கு மேகம் வந்து மூடிக்கொண்டது. புல்லில் 4 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. வெறும் நீர்ப்பனி.

நான்காம் நாள்

விழுந்தது.

ஐந்தரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது பாத்தி முழுக்க உப்பு தூவியதுபோல இருந்தது. புல்லில் மைனஸ் 2. ஆள் உயரத்துத் தெர்மாமீட்டரில் 1. அதே இடம், அதே நேரம், நெஞ்சுக்கும் காலுக்கும் 3 டிகிரி வித்தியாசம். 'நேற்று இவ்வளவு டிகிரி' என்று செய்தியில் படிக்கும்போது அது எந்த உயரத்து அளவு என்று இனிமேல் யோசிப்பேன்.

கரும்புத் தோகையின் ஓரத்தில் பனி ஊசி ஊசியாக நின்றது. தொட்டால் தோகை விறைப்பு. வெயில் பட்டதும் ஊசி உருகி, தோகை எண்ணெய் தடவியதுபோலக் கரும்பச்சையாக, கண்ணாடி மாதிரி ஆனது. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகு சாவின் அடையாளம் என்று அவள் சொன்னாள். பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியே, செல்களுக்கு இடையில் இருக்கும் ஈரத்தில் உருவாகிறது. அது செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே பெரிதாகும். செல் வற்றிச் சுருங்கும், தோல் கிழியும். உருகும்போது உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிடும். அதுதான் அந்த எண்ணெய்ப் பளபளப்பு.

பக்கத்துப் பாத்தியில் நண்பர் வெயில் வருவதற்கு முன்பே ஸ்பிரிங்ளரைத் திறந்துவிட்டு, கேரட் தழையின் பனியைத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் ஆறு சாக்குகள் பக்கம் ஒரு சொட்டுக்கூட வரவிடவில்லை. "உங்க பரிட்சை கெட்டுடும்ல" என்றார்.

ஒழுகிய அளவு: செங்கரும்பு நூற்றுக்கு 61, 86032 நூற்றுக்கு 47, பேய்க்கரும்பு நூற்றுக்கு 45. கூரைக்கு அடியில் இருந்தவை நேற்றுப்போலவே. என் பந்தயக் குதிரை 86032-ஐ இரண்டே எண்ணில்தான் தாண்டியிருக்கிறது. வகைக்கு இரண்டு சாக்கை வைத்து 47-க்கும் 45-க்கும் வித்தியாசம் சொல்லக்கூடாது, இரண்டும் ஒன்று என்றே எழுது என்றாள். எழுதினேன்.

ஐந்தாம் நாள்: தண்டு

இரவு புல்லில் மைனஸ் 3. நேற்றுக் கண்ணாடியாக இருந்த தோகைகள் இன்று காவி நிறம். மூன்று வகையும்தான்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, காலை உணவுக்குப் பிறகு அவள் ஒரு செங்கரும்பை நெடுகப் பிளந்து காட்டினாள். தண்டுக்குள் வெள்ளையாக, ஈரமாக, நல்லபடியாக இருந்தது. கணுவில் பரு பச்சை. நான் தோகையைப் பார்த்துக் கரும்பே போய்விட்டது என்று நினைத்தேன். தோகை போவது ஒரு கட்டம்தான். 0 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனதும் தோகை கருகும். ஏறத்தாழ மைனஸ் 2, 3-இல் உச்சிக் குருத்துக்கு ஆபத்து, அதற்குமேல் கரும்பு வளராது. மைனஸ் 4-க்குக் கீழே பருக்கள் சாகத் தொடங்கும். மைனஸ் 5, 6 என்று போனால் தண்டே உறைந்து வெடிக்கும். சாறு வெறும் தண்ணீர் இல்லை என்பதும் கொஞ்சம் உதவுகிறது, 20 பிரிக்ஸ் சாறு உறைய மைனஸ் ஒன்றரை வரை போக வேண்டும். மண்ணுக்கு அடியில் இருக்கும் கட்டையின் பருக்களுக்கு மண் போர்வை. ஆக, 'இந்த ரகம் குளிர் தாங்கும்' என்று ஒருவர் சொன்னால், எது தாங்கும், தோகையா, குருத்தா, பருவா, தண்டா, கட்டையா என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஒன்றில் கெட்டியான ரகம் இன்னொன்றில் சொத்தையாக இருக்கலாம்.

இதை அதிகம் ஆராய்ந்திருப்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில். அங்கே கரும்புக்கு ஒன்பது மாதம்தான் வயது, அரவை முடிவதற்குள் உறைபனி வந்துவிடும். 1989 டிசம்பரில் வந்த குளிர் அவர்களை உலுக்கிவிட்டது. ஹூமா என்ற ஊரில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் பனி விழுந்த பிறகு கரும்பை வெட்டாமல் வயலிலேயே நிறுத்திவைத்து, வாரா வாரம் சாறு எடுத்துப் பார்ப்பார்கள். பனி விழுந்த அன்று எல்லா ரகத்திலும் சாறு நன்றாகத்தான் இருக்கும். கெடுவது பிறகுதான். வெடிப்பு வழியாக லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா உள்ளே போய், சர்க்கரையைத் தின்று டெக்ஸ்ட்ரான் என்ற கோழையாக மாற்றும். சாறு புளிக்கும், ஜவ்வு மாதிரி ஆகும். ஆலையில் வடிகட்டி அடைக்கும், பாகு சரியாகக் கட்டாது, சர்க்கரைப் படிகம் நீண்டு ஊசியாக வரும். எந்த ரகம் அதிக நாள் புளிக்காமல் நிற்கிறதோ அந்த ரகம் விவசாயிக்கு அத்தனை நாள் அவகாசம் கொடுக்கிறது. வெட்டு ஆளுக்கும் ஆலை கொடுக்கும் கட்டிங் ஆர்டருக்கும் காத்துக் கிடந்த எவனுக்கும் அந்த அவகாசத்தின் அருமை தெரியும்.

1930-களில் லூசியானா விவசாயிகள் நட்ட ரகங்களில் கோ 281, கோ 290 இரண்டும் இருந்தன. நம் கோவையின் பிள்ளைகள். கோவையில் ஒருநாளும் உறைபனி விழாது!

தலைக்குந்தா மைனஸ் 3 தண்டை வெடிக்கவைக்கப் போதாது என்பதால், மூன்று கணு உள்ள 86032 துண்டுகள் எட்டை நண்பர் வீட்டு ஃப்ரீசரில் இரவு வைக்கிறோம். பக்கத்தில் உறையாத துண்டுகள் எட்டு, வெளியே.

ஆறாம் நாள்

ஃப்ரீசரில் இருந்து எடுத்த துண்டுகளில் ஐந்தில் நெடுக வெடிப்பு. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-க்குப் போகும், எந்த வயலும் அப்படிப் போகாது, ஆகவே இதை ரகத்தின் சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது. உறைந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க மட்டும் இது போதும். நான்கு உறைந்தது, நான்கு உறையாதது இங்கே நண்பரின் கிடங்கில். மீதி என்னோடு கோபிக்கு வரும்.

மதியம் ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியின் குச்சிகளைக் கொண்டு மூடியிருந்தார்கள். அந்தக் குச்சிக் கூட்டத்துக்குள் குனிந்து கை வைத்துப் பார்த்தேன், வெளியே இருப்பதைவிட இதமாக இருந்தது. லூசியானாவில் அந்தக் காலத்தில் பனி வரும் என்று தெரிந்தால் கரும்பை முன்கூட்டி வெட்டிச் சாலில் படுக்கவைத்து, தோகையால் மூடிவிடுவார்களாம்.

ஏழாம் நாள்: இறக்கம்

நீர் விட்டுவிட்டு ஆறு சாக்குகளையும் நண்பரிடம் ஒப்படைத்தோம். கோத்தகிரி வழியாக இறங்கினோம். குஞ்சப்பனை தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றினாள். பொங்கலுக்கு நாலு நாள்தான் இருக்கிறது, மேட்டுப்பாளையம் சாலையோரமெல்லாம் செங்கரும்புக் கட்டு. அதன் தோகையைப் பச்சையாகப் பார்த்ததும் ஏனோ மனசு லேசாகியது.

பத்தாம் நாள்: கோபி

உறைந்த துண்டுகளைப் பிழிந்தேன். புளித்த கள் வாசனை. விரலால் தொட்டு இழுத்தால் நூல் வருகிறது. புளிப்பு பார்க்கிற பி.எச். தாளில் 4; எண் குறைந்தால் புளிப்பு அதிகம். ஃப்ரீசருக்குப் போகாத துண்டில் 5-க்கு மேல், நல்ல சாறுக்கு அருகில்.

தலைக்குந்தாவில் நண்பர் அதே தாளில் பார்த்துப் படம் அனுப்பினார். அங்கே உறைந்த துண்டிலும் ஐந்தை ஒட்டித்தான். கோழை இல்லை. அங்கே குளிர் நீடிப்பதால் பாக்டீரியாவுக்கு வேகம் இல்லை. உறைபனி விழுந்த அடுத்த வாரம் வெயில் அடித்தால்தான் ஆலைக்காரர் பயப்படுவார் என்று அவள் சொன்னது இதுதான்.

பதினாறாம் நாள்

நண்பரிடம் ஒவ்வொரு குருத்தையும் மெதுவாக இழுத்துப் பார்க்கச் சொன்னோம். செங்கரும்பு இரண்டிலும் குருத்து கையோடு வந்துவிட்டது, அடியில் அழுகல் நாற்றம். 86032-இல் ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை. பேய்க்கரும்பில் எல்லாமே வந்துவிட்டது. மெல்லிய தண்டு, சீக்கிரம் குளிர்ந்திருக்கும். எனக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை.

"தூரை வெட்டிப் போட்டுடாதீங்கன்னு அவர்கிட்ட சொல்லுங்க சித்தப்பா" என்று மட்டும் சொன்னாள்.

முப்பத்தெட்டாம் நாள்

பிப்ரவரி பாதி ஆகிறது, ஊட்டியில் பகல் வெயில் ஏறிவிட்டது. காலையில் நண்பர் மூன்று படங்கள் அனுப்பினார்.

செங்கரும்பு: ஒன்றும் இல்லை. தூரைக் கீறிப் பார்த்திருக்கிறார், உள்ளே பழுப்பு.

86032: குருத்து தப்பிய சாக்கில் ஒரு புதுத் தோகை, அதில் குறுக்கே வெள்ளைப் பட்டை. குளிர் இரவில் குருத்துக்குள் இருந்த பகுதி வெளுத்து அப்படி வருவது கரும்பில் உண்டு. இன்னொரு சாக்கில் மண்ணோடு ஒட்டிய ஒரு பரு பருத்திருக்கிறது, இன்னும் வெடிக்கவில்லை. கர்னாலில் நான் பார்த்த கட்டையும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். உறைந்து செத்திருந்தால் உள்ளே பழுப்பாக இருந்திருக்கும், மண் சூடேறக் காத்திருந்தால் பரு பச்சையாக இருந்திருக்கும். அன்று ஒரு கட்டையைக் கீறிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது படம் பேய்க்கரும்பு. மேலே நின்றதெல்லாம் சருகு. ஆனால் அது மண்ணுக்கு அடியில் மஞ்சள் கிழங்கு மாதிரி படரும் தண்டு வைத்திருக்கிறது. அதிலிருந்து ஐந்து முளை, இரண்டு சாக்கிலும். ஒரு முளை மேலே வரப் பொறுக்காமல் சாக்கின் பக்கவாட்டைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. தோகையிலும் குருத்திலும் தோற்று, கட்டையில் நிற்கிறது. குளிரே பார்க்காத பவானிக்கரைச் செடி இது. மலைக்குளிரில் பிறந்த பேய்க்கரும்பு என்னவெல்லாம் வைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அண்ணன் மகளுக்குப் போன் போட்டு, மூன்று பேருமாகப் பேசினோம். "அண்ணா, தண்ணி ஊத்தட்டுமா?" என்று நண்பர் கேட்டார். ஊற்றச் சொன்னேன். அவள் இடையில் புகுந்து, சாக்கைக் கல்லின் மேல் தூக்கி வையுங்கள், மண்ணில் மட்டும் வேர் இறங்க விட்டுவிடாதீர்கள், அப்புறம் கேரட் பாத்தியில் அதை எடுக்கவே முடியாது என்றாள். அவர் அப்போதே கல் தேடப் போய்விட்டார்.